கம்பில் கட்டியிருந்த சிவப்புத் துணி

அண்ணன் கன்னத்தில் தோட்டக்காரர் விட்ட அறைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். போடியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற ஓடைக்கரைப் பாதை அது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் அதில்தான் சைக்கிளில் வந்து அடிவாரத்தில் ஜீப்பு ஏறுவார்கள். பெரிய ரோட்டில் போனால் லோடு வண்டிகள் ஆளை உரசிக்கொண்டு பறக்கும். அதனால் அண்ணனும் கூட்டாளிகள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையில் முள் வெட்டுவார்கள், குழி மூடுவார்கள், குப்பை பொறுக்குவார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பன்றிக்குப் பயந்து தோட்டக்காரர் மக்காச்சோளத்தைச் சுற்றிக் கட்டிய கரண்டுக் கம்பி, பாதையோரமாகவே ஓடியது. அண்ணன் அதை அறுத்துவிட்டான். அதற்குத்தான் அந்த அறை.

"கரண்டு விட்டு ஆளக் கொல்லப் பாக்குறீரா?" என்று அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"பன்னி திங்கிறப்ப நீயா வந்து வெரட்டுவ?"

இரண்டு பேரும் ஓடைச் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் நான் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். பிறகு பேசி முடித்ததை, சாப்பிடும்போது அண்ணன் சொன்னான். ராத்திரி மட்டும் கரண்டு விட்டுக்கொள்ளலாம். விடும்போது வேலிக் கம்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், காலையில் அணைத்ததும் அவிழ்க்க வேண்டும். துணி இருந்தால் கம்பியைத் தொடக்கூடாது. நான் செல்லைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் போனேன். சாக்கோடு முன்னால் நடந்து, கண்ணில் பட்ட குப்பையை எல்லாம் பொறுக்கினேன். ஒரு கம்பில் சிவப்புச் சேலைக் கிழிசல் தொங்கியது. அதையும் உருவிச் சாக்கில் திணித்தேன்.

"ஏ புள்ள, வெரசாப் போ. நத்த மாதிரி ஊருற" என்றான் அண்ணன்.

சைக்கிளில் மாட்டும்படி ஓரிடத்தில் கம்பி தொய்ந்து கிடந்தது. கம்பைப் பார்த்தான், துணி இல்லை. வெறுங்கையால் கம்பியைத் தூக்கினான். கை அதை விடவே இல்லை. உடம்பு துள்ளித் துள்ளி மண்ணில் அறைந்தது. கூட்டாளி ஒருவன் காய்ந்த கட்டையால் அடித்துக் கையைப் பிரித்தான். அந்த அடியில் விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கறி கருகுகிற வாடை. அண்ணன் கண் முழித்தபடியே செத்துக் கிடந்தான்.

மத்தியானமே மாமா ஆள்களோடு தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் செயினால் அடித்தார்கள். தோட்டக்காரர் முதுகு கிழிந்து தொங்கியது. "விடாத மாமா, அடி!" என்று கத்தியது நான்தான்.

"காய்ச்சல்ல படுத்துட்டேன்யா, கரண்ட அமத்தல. ஆனா செவப்புத் துணி கம்புலதான் கெடந்துச்சு. பிள்ளைக மேல சத்தியமா!"

"அப்ப செத்தவன் கண்ணு பொட்டையாடா?" என்று மாமா மண்வெட்டிக் காம்பை ஓங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துணி திணித்த சாக்கு எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காம்பு கீழே இறங்கியிருக்கும். நான் வாய் திறக்கவில்லை. அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது.

கரண்டை அணைக்காதது அவர் தப்பு. துணியை எடுத்தது என் தப்பு. போலீஸ் கேசில் அவர் தப்பு மட்டும்தான் இருக்கிறது. மாமா இன்றைக்கும் அந்த அடியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

போன வாரம் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். ஜாமீனில் வந்திருந்தார். அவர் மனைவி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"துணிய நாந்தேன் எடுத்தேன் அத்தே" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஊட்டுவதை நிறுத்தினாள்.

"ஒங்க மாமங்கிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"இவரு துணி கட்டுனாருன்னு எங்களுக்குத்தேன் தெரியுமே. தெரியாதவககிட்டப் போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.