வெர்னீட்டா கடைக் களிம்பு

வெர்னீட்டா பிக்ஸ் கடை திறந்தது கோபத்தில்தான். அதுவரை அவள் மெம்பிஸ் விமான நிலையத்தை ஒட்டிய பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில், பின்னலுக்குச் சேர்த்துக் கட்டும் முடி வாங்க ஒரு கடையில் நுழைந்தாள். கறுப்பின மக்களான எங்கள் ஆரஞ்ச் மவுண்ட் பேட்டையிலேயே இருந்த கடை, ஆனால் முதலாளி எங்கள் ஆள் இல்லை. அவர் அவள் பின்னாலேயே வந்தார். அவள் நின்றால் நின்றார். எதையாவது கையில் எடுத்தால் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று இவளே திரும்பிக் கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"பொருள் வாங்க வந்தவ நானு. பாக்கவேண்டியதும் நானு. நீங்க போய் கல்லாவுல உக்காருங்க."

முடியை அங்கேயே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். அப்போது நான் வீட்டிலேயே பின்னல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ரொண்டா, நம்ம தலைக்கு வேணும்கிற அத்தனையும் நாம அவங்ககிட்டதான் வாங்குறோம். காசையும் கொடுத்துட்டுத் திருடிப் பட்டமும் வாங்கிட்டு வரணுமா? நான் கடை போடப்போறேன். பின்னாடி பின்னல் போட உனக்கு ஒரு நாற்காலி."

போட்டும் விட்டாள். ஆனால் சரக்கு கிடைக்கவில்லை. மொத்த வியாபாரிகளில் ஒருவர், "உங்க ஏரியாவுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. மாதக்கணக்கில் ஷெல்ஃபில் பாதி காலியாகவே கிடந்தது. உள்ளே வருகிறவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த உச்சுதான் அவளைத் தின்றது.

கடைசியில், "எவனும் கொடுக்கவேணாம், நானே செய்றேன்" என்று கடையின் பின்கட்டில் அடுப்பு வைத்தாள். ஷியா என்கிற ஆப்பிரிக்கக் கொட்டையின் வெண்ணெய், விளக்கெண்ணெய், கற்றாழைச் சாறு, கொஞ்சம் புதினாத் தைலம். முதல் களிம்பை என் தலையில்தான் தடவிப் பார்த்தாள். நல்ல களிம்பு அது, பொய் சொல்லக் கூடாது. வறண்டு சொரசொரத்துக் கிடந்த முடி வெல்வெட் மாதிரி ஆகிவிட்டது. வாய்வழியாகவே செய்தி பரவி, சனிக்கிழமைகளில் வரிசை வாசல் தாண்டிப் போனது.

அவள் தம்பி க்ளீவன் அப்போதுதான் உள்ளே வந்தான். நல்ல பேச்சுக்காரன். சர்ச் வாசலில், முடிதிருத்தும் கடைகளில், ஜூன் மாத அடிமை விடுதலை நாள் கூட்டத்தில் என்று எங்கே நாலு பேர் நின்றாலும் அங்கே நிற்பான். "நம்ம காசு நம்ம தெருவைத் தாண்டறதுக்கு முன்னாடி நாலு வீட்டுப் படியேறணும்!" என்பான். கேட்டவர்கள் கை தட்டுவார்கள். டப்பாவில், "ரசாயனம் அறவே இல்லை" என்று பெரிதாக அச்சடிக்கச் சொன்னதும் அவன்தான்.

"கெட்டுப்போகாம இருக்க கொஞ்சம் மருந்து சேக்கிறேனேடா" என்றாள் வெர்னீட்டா.

"அதை எடுத்துடுக்கா. அந்த வெஷத்தையெல்லாம் அவனுங்க விக்கட்டும். நம்மது சுத்தம், அதான் நமக்குப் பெருமை."

அவள் எடுத்துவிட்டாள்.

அந்த ஆகஸ்டில் மெம்பிஸ் வெந்து போனது. பின்கட்டில் நின்றால் மூச்சு முட்டும். அந்த நாட்களில்தான் வெர்னீட்டா தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தாள். ஓயாமல் விரலை உள்ளே விட்டுச் சொறிவாள். "என்னடி?" என்று கேட்டால், "வேர்க்குரு" என்பாள்.

பிறகு லட்ரீஸின் வீடியோ வந்தது. எங்கள் சர்ச்சுக்கு வருகிற பெண், பள்ளிச் சமையலறையில் வேலை. கணவன் இல்லை, ஏழு வயது மகள் ஆமரி மட்டும்தான். வீடியோவில் அவள் கத்தவில்லை. மகளின் முடியை வகிடு பிரித்துக் காட்டினாள். வகிடு நெடுகச் சீழ்க் கொப்புளம். காதோரம் முடி உதிர்ந்து வெறும் தோல். "வெர்னீட்டா கடை டப்பாதான் போட்டேன். வேற எதுவும் போடலை" என்றாள். அவ்வளவுதான்.

ஊரே பற்றிக்கொண்டது, லட்ரீஸ் மேல்.

'நம்மில் ஒருத்தி தலைதூக்கினால் நம்மவளே காலை வாருகிறாள்' என்று எழுதினார்கள். அன்று வெர்னீட்டா பின்னாலேயே வந்த அந்தக் கடைக்காரன் லட்ரீஸுக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்னார்கள். யாரோ அவள் கார்க் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். க்ளீவன் சும்மா இருப்பானா? "சனிக்கிழமை எல்லாரும் கடைக்கு வாங்க. ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி நாம யாருன்னு காட்டுவோம்" என்று அழைப்பு விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெர்னீட்டா பின்கட்டில் ஒரு டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்னிடம் நீட்டினாள். புதினா வாசனைக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு.

"இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நெனச்சேன்." டப்பாவை வாங்கி மூடினாள். "நாளைக்கு எல்லாரும் வர்றாங்க, ரொண்டா. எனக்காக வர்றாங்க."

சனிக்கிழமை கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வெளியே யாரோ கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள், பாட்டு அலறியது. க்ளீவன் கல்லா அருகே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான். வெர்னீட்டா தலைத்துணியோடு அவன் பக்கத்தில் நின்றாள். அதுவரை ஒரு டப்பாவையும் அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. "இரு, இரு" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் பேச்சு நின்றது. லட்ரீஸ் வந்திருந்தாள். ஒரு கையில் ஆமரி, இன்னொரு கையில் டப்பா.

யாரும் வழி விடவில்லை. "வந்துட்டா பாரு, காசுக்கு வெலை போனவ" என்றது ஒரு குரல். "போம்மா வெளியே!" என்றது இன்னொன்று. தடித்த ஆள் ஒருவர் அவள் முன்னால் வந்து மறித்து நின்றார். பிள்ளை அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. லட்ரீஸ் பின்வாங்காமல் டப்பாவை உயர்த்திப் பிடித்தாள்.

"காசு வேண்டாம்" என்றாள் லட்ரீஸ். "மன்னிப்பும் வேண்டாம். விக்கிறதை நிறுத்தச் சொல்லி கேக்கத்தான் வந்தேன். இங்க நிக்கிற எல்லாருக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு."

"எங்க அக்காவை அழிக்க வந்தியா நீ?" க்ளீவன் பெட்டியிலிருந்து குதித்தான். கூட்டம் அவனோடு ஓரடி முன்னால் நகர்ந்தது. இன்னும் ஓரடி நகர்ந்தால் என்ன நடந்திருக்குமோ, எனக்குச் சொல்லத் தெரியாது. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"க்ளீவன். நில்லு."

சொன்னது வெர்னீட்டா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் நின்றான். வெர்னீட்டா கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு போய் ஆமரி முன்னால் மண்டியிட்டாள்.

"கண்ணு, ஆன்ட்டி உன் தலையைப் பாக்கட்டுமா? தொட மாட்டேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்தது. வெர்னீட்டா பார்த்தாள். மண்டியிட்டபடியே தன் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

நெற்றிக்கு மேல் கைப்பிடி அளவுக்கு முடியே இல்லை. சிவந்து, பொருக்குத் தட்டி, அங்கங்கே நீர் கசிந்துகொண்டிருந்தது. சர்ச்சுக்கு வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் தலை அது. "ஐயோ, ஏசுவே" என்றாள் ஒருத்தி.

"இந்தப் பொண்ணு பொய் சொல்லலை" என்றாள் வெர்னீட்டா. "நானும் அதே டப்பாதான் போட்டேன். வேர்க்குருன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். யாரும் ஒண்ணும் வாங்காதீங்க. வாங்கினவங்க திருப்பிக் கொண்டாங்க."

"அக்கா, உள்ள வா, பேசிக்கலாம்" என்று க்ளீவன் அவள் தோளைப் பிடித்தான். அவன் குரல் கெஞ்சியது. "அந்தக் கடைக்காரன் சிரிப்பான்க்கா."

"சிரிக்கட்டும். அவன் கடையில நம்மளத் திருடின்னு பாத்தான். இங்க நம்ம பிள்ளை மண்டை வெந்துபோச்சு. எதுடா பெரிசு?"

சற்று முன் லட்ரீஸை வைத வாய்களே இப்போது வெர்னீட்டா பக்கம் திரும்பின. "உன்னை நம்பித்தானே வாங்கினோம்!" என்று ஒருத்தி டப்பாவை ஷெல்ஃபில் எறிந்தாள். தடித்த ஆள் தலையைத் தொங்கப் போட்டபடி வெளியேறினார். வெளியே பாட்டை யாரோ நிறுத்தினார்கள். க்ளீவன் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் அக்காவோடு மறுபடி பேசியது குளிர் முடிந்து மரங்கள் துளிர்த்த பிறகுதான்.

வெர்னீட்டா வீடு வீடாகப் போய் டப்பாக்களை வாங்கி வந்தாள். சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. கொப்புளம் வந்த பிள்ளைகளை அவளே மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்கள், தண்ணீர்ச் சத்துள்ள களிம்பில் மருந்து சேர்க்காமல் அந்த வெயிலில் வைத்தால் கிருமி பெருகத்தான் செய்யும் என்று. கடையை மூடவில்லை, ஆனால் செலவுக்குப் போதவில்லை. மறுபடியும் பார்சல் கிடங்கு வேலைக்குப் போனாள். கடையைப் பகலில் நான் பார்த்துக்கொண்டேன். வெறும் ஷெல்ஃபைப் பார்க்கச் சகிக்காமல் அதைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

புதுக் களிம்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதை அவள் பின்கட்டில் காய்ச்சவில்லை. அட்லாண்டாவில் எங்கள் ஆட்களே நடத்தும் சிறு ஆலையில் செய்து, ஒவ்வொரு தடவையும் சோதித்து வாங்குகிறாள். பழைய கூட்டத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. வந்தவர்கள் டப்பாவைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். வெர்னீட்டாவின் நெற்றிக்கு மேல் முடி முளைத்துவிட்டது, ஒரு சிறு திட்டைத் தவிர. அதை அவள் மறைப்பதில்லை.

போன வசந்தத்தில் ஒரு மத்தியானம் லட்ரீஸ் ஆமரியோடு வந்தாள். பிள்ளைக்குக் காதுவரை முடி வளர்ந்திருந்தது.

"இதுல என்னென்ன போட்டிருக்கே?" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டி லட்ரீஸ் கேட்டாள்.

வெர்னீட்டா எல்லாவற்றையும் சொன்னாள், மருந்தின் பெயர் உட்பட.

"உன் தலைக்கு இதைத்தான் போடறியா?"

"தெனமும்."

லட்ரீஸ் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். பையிலிருந்து தன் வீட்டு எண்ணெய்ப் புட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "சின்னச் சின்னப் பின்னலா போடு. எண்ணெய் இதை மட்டும்தான் வைக்கணும்." ஆமரியை என் நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தாள்.

பிறகு, "எதித்தாப்புல மீன் வறுக்கிறான் போலிருக்கு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று எங்கள் இருவரிடமும் பிள்ளையை விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.