அக்கா கல்யாணத்து மரிக்கொழுந்து மாலை

விடிவதற்கு முன்பே சைக்கிளில் டவுனுக்குப் போன தாய்மாமா வெறுங்கையோடு திரும்பி வந்தார். சிம்மக்கல்லில் கல்யாண மாலைக்குச் சொல்லி வைத்திருந்த கடை பூட்டிக் கிடந்ததாம். திடீர்க் கடையடைப்பு. டவுன் பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. "ஒரு முழம் பூக்கூடக் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம்.

மாலை பெண் வீட்டுப் பொறுப்பு என்பது பேச்சு. மாலை இல்லாவிட்டால் கல்யாணம் நின்றா போய்விடும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அன்றைக்கு எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் அக்காவுக்கு நிச்சயம் முடிந்த கையோடு அப்பா இறந்துபோனார். பெண்ணின் ராசி சரியில்லை என்று அந்த மாப்பிள்ளை வீட்டார் நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கூடி வந்த முதல் சம்பந்தம் இதுதான். இதிலும் ஏதாவது குறை வந்தால் அந்தப் பழைய பேச்சு மறுபடி கிளம்பும்.

கொல்லையில் குழாயடி ஈரத்தில் மரிக்கொழுந்து மண்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் துளசி இருந்தது, காம்பவுண்டு ஓரத்தில் செவ்வரளி பூத்திருந்தது. இம்புட்டு இருக்கும்போது என்ன பயம், நானே கட்டிவிடுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னது நான்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மல்லிகைச் சரம் தொடுப்பேன். அதை வைத்துக்கொண்டு மாலை கட்டக் கிளம்பியது, வீட்டுக்குச் சோறு வடிக்கிறவள் கல்யாணப் பந்திக்குச் சமைக்கக் கிளம்பியது போலத்தான்.

வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரிக்கொழுந்துக் காம்பு மகா மெல்லியது. இறுக்கினால் நசுங்கி அறுந்துவிடுகிறது, கொஞ்சம் தளர்த்தினால் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. ஒரு முழம் கட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தேன். பாதி தரையில் உதிர்ந்தது. மாமா குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குப் போட்டா திங்கும்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த வீட்டில் மாலை கட்டத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அம்மா. தெருக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பச்சிலை மாலை கட்டிக் கொடுத்தவள். அப்பா போன நாளிலிருந்து பூவையோ நாரையோ அவள் தொடவில்லை. தொடாதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஊரார் வாய் திறக்கும் முன்பே இவளாக விலகிக்கொண்டாள். மகள் கல்யாணத்திலும் அடுப்படியைத் தாண்டி வராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதாம்மா கட்டணும்" என்று போய் நின்றேன்.

"வாயக் கழுவுடி. நான் தொட்ட மாலையவா அவ கழுத்துல போடுறது? நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா எம்மேலதான் விடியும்."

"மாலையே இல்லாம நின்னா மட்டும் நல்லா விடியுமா?"

"கத்தாத."

பின்னாலேயே வந்த மாமா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "யக்கா, நேரமில்ல. உள்ரூம்புல வச்சுக் கட்டிரு. யாரு கேட்டாலும் சின்னவ கட்டுனான்னு சொல்லிக்குவோம்."

அம்மா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துப் போட்டாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கதவச் சாத்து" என்பதுதான்.

மரிக்கொழுந்தைத் தனியாகக் கட்டக் கூடாதாம். துளசித் தண்டு இரண்டைக் கூட வைத்துக் கட்டினால் அது தாங்கிப் பிடிக்கும், காம்பு நசுங்காது. சாண் இடைவெளிக்கு ஒரு அரளிக் கொத்து. நான் கொத்து எடுத்துக் கொடுக்கத் தாமதித்தால் புறங்கையில் ஒரு அடி விழுந்தது. அவள் கை ஓடிக்கொண்டிருக்க, உதடு மட்டும் எந்தச் சாமியிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளுக்கு மாலை கட்டத் திருட்டு வேலை மாதிரி கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று. இரண்டாவது மாலையின் கடைசி முடிச்சு விழுந்தபோது தெருமுனையில் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படிக்கு ஓடினாள், நான் மாலைகளைக் கூடத்துத் தாம்பாளத்தில் வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் உசிலம்பட்டிப் பக்கம். வேன் கிடைக்காமல் டிராக்டரில் வந்து, புழுதியும் எரிச்சலுமாக இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் வாய்க்கு அந்த ஊரே பயப்படும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். வந்தவர் நேராகத் தாம்பாளத்தில் இருந்த மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கடையெல்லாம் அடச்சுக் கெடக்கே, இது யாரு கட்டுனது?"

"நாந்தான்" என்றேன்.

"அம்புட்டு நெருக்கமாக் கட்டியிருக்க. கடை மாலை தோத்துச்சு போ."

மாமா மூச்சு விட்டார். நானும் விட்டேன். பெரியம்மா விடவில்லை. "மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை இல்லையே தாயி. பச்சிலதான் மிச்சம் கெடக்கே, இப்படி உக்காந்து சின்னதா ஒன்னு கட்டிரு. நானும் பாத்துப் பழகிக்கிறேன்" என்று என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுக்க வழியில்லை. நாரை எடுத்தேன். துளசித் தண்டைக் கூட வைத்தேன், அம்மா செய்தபடியேதான் செய்தேன். கொத்து சரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சரிந்தது. கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. பெரியம்மா என் கையைப் பார்த்தார், தாம்பாளத்து மாலையைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவளுக்குக் கட்டத் தெரியாது. அது எங்கம்மா கட்டுனது" என்றாள் அக்கா, மணப்பெண் உட்காரும் இடத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர்கள் பக்கத்து ஆண் ஒருவர், "இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேணாமா மாப்ள?" என்று மாமாவைப் பார்த்து எழுந்தார். மாமா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"அவ பயத்துல ஒளறுறா மதினி. நான் தொடவே இல்ல. மாலை இருந்த பக்கமே போகல. எம்பிள்ளைக மேல சத்தியமா."

பொய்ச் சத்தியம் செய்கிறவள் கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பெரியம்மா எழுந்து போய் அந்தக் கையை வெளியே இழுத்தார். நகக்கண் எல்லாம் பச்சை. கிட்டத்தில் போனாலே மரிக்கொழுந்து மணத்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"சரி, நீ தொடல" என்றார் பெரியம்மா.

என் மடியில் கிடந்த நாரையும் பச்சிலையையும் அள்ளி அம்மாவின் கையில் திணித்தார். "இந்தா, தோழன் மாலையையும் அதே மாதிரி தொடாமலே கட்டிக் குடு மதினி. இங்கனயே உக்காரு, நேரமாகுது."

அம்மா கூடத்தின் நடுவில், அத்தனை பேருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். முதல் முடிச்சு அவளுக்கும் இரண்டு தடவை நழுவியது.