தாலிக்கொடியோடு கரையில்

2009 வசந்தத்தில் என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் கற்றராக்ட் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு நிறங்களில் ஒரு பேராசை வந்துவிட்டது. நாங்கள் இருக்கிற ஹவுன்ஸ்லோவில் மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று, "இஞ்சாருங்கோ, தக்காளி இவ்வளவு சிவப்போ?" என்று கேட்பாள். எங்கள் வரவேற்பறைச் சுவர் இளமஞ்சள் என்று நம்பியிருந்தவள், அது வெறும் வெள்ளை என்று கண்டுபிடித்து, நான்தான் ஏமாற்றியதுபோல இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மகனுக்கு விமான நிலையத்தில் வேலை. மார்கழியில் ஊழியர் டிக்கெட்டில் கரீபியன் தீவு ஒன்றுக்கு ஒரு கிழமை போகலாம் என்று படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் ஒரு பெண் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மிதந்துகொண்டிருந்தாள். வாயில் ஒரு குழாய், கீழே மீன்கள். நான் மீன்களை எண்ணினேன். இருபத்துமூன்று. மனைவி எண்ணவில்லை. "நான் இதை ஒருக்காப் பாக்க வேணும்" என்றாள்.

அவளுக்கு அறுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. இரண்டு பேருக்குமாக நூற்று முப்பத்தேழு வயது, ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. இதைச் சொன்னேன். "நீந்தத் தேவையில்லையாம், மிதந்தால் போதுமாம்" என்றாள்.

அந்த வருடம் கவுன்சில் அறுபது தாண்டியவர்களுக்கு நீச்சல் குளத்தை இலவசமாக விட்டிருந்தது. மகன் கண்ணாடி முகமூடியும் குழாயும் இரண்டு சோடி வாங்கிவந்தான். நான் ஒருமுறைதான் போட்டேன். கண்ணும் மூக்கும் கண்ணாடிக்குள் அடைபட்டு, வாயில் றப்பர் கடித்து, என் மூச்சு எனக்கே பக்கத்து அறையில் யாரோ மரம் அறுப்பதுபோலக் கேட்டது. பதினான்கு மூச்சு எண்ணினேன். பதினைந்தாவது வராது என்று தோன்றியது. தலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன், தண்ணீர் இடுப்பளவுதான். பிறகு நான் குளத்து ஓரத்து வாங்கில் துவாயோடு உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே குப்புற மிதந்து, அடியில் பதித்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் நீல ஓடுகள். அதற்கே, "என்ன நீலமப்பா" என்று சொல்லிக்கொண்டு ஏறிவந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. கூடப் போய்த் தண்ணீருக்குள் இறங்க ஏலாது. போகாதே என்று மறிக்கவும் ஏலாது. அவளை அந்தக் கடலிலிருந்து முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் என் யோசனை. கோயிலில் ஒருவரிடமும் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. ஊரில் வைகாசியில் யுத்தத்தின் முடிவில் நடந்தவற்றுக்குப் பிறகு எங்கள் சனம் கலியாண வீட்டுக்குக்கூட மேளம் பிடிக்காத வருடம் அது. மீன் பார்க்கப் போகிறோம் என்று யாரிடம் சொல்வது?

தீவில் இறங்கியதும் விடுதிக்காரர் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டியைப் பூட்டினார்கள். போகும் நாளில்தான் வெட்டுவார்களாம். கடற்கரைக்கு இரு பக்கமும் வேலி. அங்கே பவளப்பாறை கரையிலிருந்தே தொடங்குகிறது, வள்ளம் தேவையில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டியவர்கள் மணலிலிருந்து அப்படியே நடந்து போய் ஆழத்தில் மறைந்துவிடுவார்கள். மகன் அந்தக் கூட்டம். குழாய் வைத்தவர்கள் மிதவைச் சட்டையோடு மேலே மிதப்பார்கள். மனைவி இந்தக் கூட்டம்.

முதல்நாள் காலை, பயிற்சி கொடுக்கிற பெண் மனைவியின் சட்டைக் கழுத்துக்குள் தாலிக்கொடியைக் கண்டுவிட்டாள். மினுங்குகிற எதுவும் தண்ணீருக்குள் வரக்கூடாது என்றாள். அங்கே நீளப் பல்லுள்ள ஒரு மீன் திரிகிறது, மினுக்கத்தைக் கண்டால் இரை என்று பாயும். மீனின் பெயரைக் கேட்டு மகன், "அது எங்கட சீலாதானம்மா" என்றான்.

"சீலாவோ? நாப்பது வருசமா அதைத் துண்டு போட்டுக் குழம்பு வச்சிருக்கிறன். இப்ப வந்து என்னில கோவிக்குதோ?"

"பகிடி விடாதேங்கோ. கழட்டி ரூமில லொக்கருக்குள்ள வையுங்கோ."

"தாலியை இரும்புப் பெட்டிக்குள்ளயோ? கொப்பர் இன்னும் உயிரோட நிக்கிறார், பார்."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். மனதுக்குள் பெரிய ஆறுதல். "அப்ப விடும். கரையில நிண்டு பாத்தாலும் மீன் தெரியும்தானே" என்றேன். அவள் அன்று முழுவதும் கரையில் இருந்து, மற்றவர்களின் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் கோழிக் கறி வைத்தார்கள். அவள் விரலால் குழம்பைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இவையளிட்ட மஞ்சள் இருக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. அதோடு பசியும் போய்விட்டது.

தாலிக்கொடி நகை செய்கிற ஆசாரியிடம் திருத்தப் போகும்போது எங்கள் பெண்கள் வெறுங்கழுத்தோடு இருப்பதில்லை. மஞ்சள் பூசிய நூல் ஒன்றைப் புருஷன் கட்டிவிட வேண்டும். முதலில் நூல் ஏற வேண்டும், பிறகுதான் கொடி இறங்கலாம். இடையில் ஒரு கணமும் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. கலியாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவளுடைய கொடி இரண்டு முறை இறங்கியிருக்கிறது, இரண்டு முறையும் இப்படித்தான். கண் ஒப்பரேஷனுக்குக்கூட அவள் கழற்றவில்லை. தாதி மேலே டேப் ஒட்டிவிட்டாள்.

சமையல்காரர் கடதாசித் துவாலையில் ஒரு கரண்டி மஞ்சள்தூள் மடித்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. அறையில் பொத்தான் தைப்பதற்கென்று வைத்திருந்த சின்னப் பெட்டியில் வெள்ளை நூல் இருந்தது. அடுத்தநாள் காலை மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, மஞ்சளில் தோய்த்து, அவள் கழுத்தில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டேன். பிறகு கொடியைப் பூட்டுகிற சுரையைத் திருகிக் கழற்றினேன். பதினொரு பவுண் தங்கம். மகன் வாங்கித் தந்த காற்சட்டையின் பொக்கற் வலைத்துணி. அதை நம்ப ஏலாது. வேறு வழியில்லாமல் என் கழுத்தில் போட்டுச் சுரையைப் பூட்டி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டேன்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள்.

கரையில் ஒரு சாய்கதிரையில் இருந்தேன். எழும்பவும் ஏலாது, கண்ணை எடுக்கவும் ஏலாது. விடுதிப் பையன் ஒருவன் வந்து, வெயில் கடுமை, சட்டையைக் கழற்றுங்கள் ஐயா என்றான். வேண்டாம் என்றேன். திரும்பி வந்து மறுபடியும் சொன்னான். பொத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

கடலில் ஏழு குழாய். மனைவியுடையது செம்மஞ்சள். மகன் சிலிண்டரோடு கீழே போய்விட்டான், அவன் இருந்த இடத்தில் குமிழி மட்டும் வந்தது. நான் ஏழையும் இடமிருந்து வலமாக எண்ணினேன், வலமிருந்து இடமாக எண்ணினேன். ஏழு. ஏழு. ஏழு. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது, துடைத்தேன். ஆறு.

திரும்ப எண்ணினேன். ஆறு. செம்மஞ்சளைக் காணவில்லை.

கழற்றிய தாலியும் கையுமாக நிற்கிற பெண்களை நான் வாழ்க்கையில் எத்தனையோ செத்தவீடுகளில் கண்டிருக்கிறேன். அப்படி நிற்கிற புருஷனைக் கண்டதில்லை. பொத்தான் தைக்கிற நூலைக் கட்டி நான்தானே அவளைக் கடலுக்குள் விட்டேன் என்ற நினைப்பு வந்ததும், செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால், தொடை, இடுப்பு. ஓர் அலை அடித்து மேல் பொத்தான் தெறித்தது, கொடி வெளியே வந்து வெயிலில் மினுங்கியது. பயிற்சிக்காரி விசிலை ஊதி ஊதி என் கழுத்தைக் காட்டினாள். சீலாவுக்கு நான்தான் இப்போது இரை. நான் மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

இடப்பக்கம் ஒரு பாறைக்குப் பின்னால் செம்மஞ்சள் அசைந்தது. அவள் பாறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் மிதந்துகொண்டிருந்திருக்கிறாள். தலையைத் தூக்கி முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

"என்ன? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"உம்மைக் காணேல்லை."

"நான் இஞ்சதானே நிக்கிறன். ஒரு பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு நிண்டது. ஒரு குட்டி நீல மீன் அதுக்குள்ள போய்ப் பல்லுத் துப்பரவாக்கினது. நீங்கள் கத்தினதில ரெண்டும் ஓடிட்டுது."

நான் அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். நூல் இல்லை. தோலில் மெல்லிய மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. என் பார்வையைக் கண்டு அவளும் தடவிப் பார்த்தாள். கையை எடுக்காமல் கழுத்தை மூடிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

மணலில் நின்று என் கழுத்துச் சுரையைத் திருகினேன். விரல் ஈரம். அது அசையவில்லை. "கிட்ட வாரும், இப்பவே போட்டுவிடுறன்" என்று சொல்லிச் சொல்லித் திருகினேன். அவளும் ஒற்றைக் கையால் முயன்றாள். உப்புத் தண்ணீரில் இறுகிவிட்டது.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பொத்தான் இல்லாத சட்டை, நெஞ்சில் பதினொரு பவுண், காலில் ஒற்றைச் செருப்பு. அவளுக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை.

"அப்ப இனி நீங்கள்தான் சுமங்கலி."

"இதென்ன பகிடி? அறைக்கு வாரும். எண்ணெய் போட்டுத் திருகலாம்."

"பின்னேரம் இன்னொருக்கா விடுவினமாம். நூல் மிச்சம் இருக்கோ?"

நூல் இருந்தது. கட்டிலில் இருந்து இம்முறை ஒன்பது இழை முறுக்கினேன். மஞ்சளில் நன்றாக ஊறவிட்டு, அவள் கழுத்தில் சுற்றி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். அவள் தலைமயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"கெதியாப் போடுங்கோ" என்றாள். "அந்த மீன் திரும்பி வந்திருக்கும்."