அப்பா ரதி வேடத்தைக் கலைத்த மாசி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அப்பாவை ரதியாகப் பார்த்தவர்கள். டயகம தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து என்றால் அப்பாதான். எரிந்த காமனுக்காக அவர் ரதி வேடத்தில் நின்று அழுது பாடினால் ஆண்களே கண்ணைத் துடைப்பார்கள். மூன்றாம் நாள் அவர் பாடித்தான் காமனை எழுப்புவார்கள். பிறகு ஏன் விட்டார்? தொண்டை போய்விட்டது என்றீர்கள், தலைக்கனம் என்றீர்கள். அடேயப்பா, என்னென்ன பேச்சு! இந்த ஓராண்டு நிறைவிலாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்தவர் அப்பா. தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன நாற்பத்தெட்டில் அம்மாவைக் கைப்பிடித்தார். பட்டினியிலும் வந்தவரிடம் முகம் சுளிக்காதவர். நாங்கள் இரண்டு பெண்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், தை மாதக் கடும்பனியில் நெஞ்சுச் சளி கட்டி என் தங்கை போய்விட்டாள். அம்மா அழவேயில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் தோட்டத்துக்கு ரஷ்யப் படம் வந்தது. அந்தி சாய்ந்ததும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். பறக்கும் குதிரை, பேசும் கரடி. மொழி புரியாவிட்டாலும் வாயைப் பிளந்து பார்த்தோம். சூனியக்காரி ஊதியதும் ஒரு சிறுமி பனிக்காட்டில் விறைத்து விழுந்தாள். அந்த இடத்தில் படம் ஓட்டிய எஞ்சின் நின்றது. என்ன செய்தும் ஓடவில்லை. படக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா சோற்றைத் தொடவில்லை.

"ஏங்க, அந்தப் புள்ளய எழுப்பாமப் போயிட்டாங்களே. பனியிலயே கெடக்குதுங்க."

"அது படம், புள்ள."

"காமனும் கூத்துதானே? எழுப்பாம விடுவீங்களா?"

லயமே அப்படித்தான் பேசியது: சாவைக் காட்டிவிட்டு எழுப்பாமல் போனால் தோட்டத்துக்கு ஆகாது. கொழுந்து பறித்த பெண்கள், செடிகளுக்கிடையே வெள்ளையாக ஒரு பிள்ளை நிற்பதாகச் சொன்னார்கள். நான் மூடுபனியைப் பார்க்கவே நடுங்கினேன். அம்மா மட்டும் பயப்படவில்லை. மலை மலையாகத் தேடினார்.

படம் நின்ற மூன்றாம் நாள் மாலை, அப்பா ரதியாகச் சேலை கட்டி, திரை இருந்த இடத்தில் நின்றார். தப்பு முழங்கியது. எழுப்புப் பாட்டை அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. முடிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா சிரித்தார். அப்பாடா, எங்களுக்கும் உயிர் வந்தது.

அம்மா போய் அப்பாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ள எந்திரிச்சிருச்சுங்க. இப்ப நம்ம புள்ளய எழுப்புங்க."

தப்பு நின்றுவிட்டது. அப்பா நெற்றிப் பொட்டைக் கையாலேயே அழித்தார். அதன்பின் அவர் பாடவேயில்லை. அம்மா சாப்பிட்டார், வேலைக்குப் போனார். ஆனால் மாசி பிறந்தால் மறுபடி கேட்பார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பாவின் கடைசி நாட்களில் இரவு பகலாக உடனிருந்தவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பாடையைத் தூக்குமுன் அம்மா குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்து, என்னவென்று பலரும் விசாரித்தீர்கள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"அவகிட்டதான் போறீங்க. இப்பவாவது பாடுங்க."