ஆடியோ பட்டனுக்குப் பின்னால் நாலு பேர்

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கோடவுன் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வாளி, நாற்காலி, மருந்து பாட்டில் எல்லாம் வரும். சிடி, டிவிடி தட்டுகளும் மூட்டையாக வரும். தட்டு வந்தால் முதல் வேலை, ஒவ்வொன்றையும் ஆணியால் கீறுவது. அப்புறம்தான் அரவை மிஷினில் போட வேண்டும். கீறாத தட்டை யாராவது வெளியே விற்றால் திருட்டு சிடி கேஸ் என்று போலீஸ் தன் வாசலுக்கு வரும் என்று முதலாளிக்குப் பயம். அதனால் கோடவுனிலிருந்து எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. எடுத்தவர் யாரானாலும் வேலை போய்விடும்.

சென்ற மழைக்காலத்தில் மாட்டுங்காவில் தட்டு வாடகைக்கு விடும் பழைய கடை ஒன்றை மூடினார்கள். அங்கிருந்து பதினோரு மூட்டை வந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா மூட்டையைப் பிரித்துத் தள்ள, நான் கீறிக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்கு ஓடும், கண் பார்க்காது. ஒரு தட்டைக் கீறி முடித்த பிறகுதான் அது இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். நீளக் கழுத்து மனுஷன் ஒருவன் லிஃப்ட் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் படம்.

எனக்கு அவனைத் தெரியும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் அவளும் டிவியில் ஹிந்தியில் பார்த்த கார்ட்டூன் அது. ஒரு பழைய கட்டடம், அதில் குடியிருக்கிறவர்கள், அவர்களுடைய சண்டை, அவ்வளவுதான் கதை. மகளுக்குப் பிடித்தது வீட்டுக்காரக் கிழவி. மாடத்தில் உட்காரும் புறாவிடம்கூட வாடகை கேட்பாள். எனக்குப் பிடித்தது லிஃப்ட் ரிப்பேர் செய்யும் இந்த நீளக் கழுத்துக்காரன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிபண்ணுவான், தான் மட்டும் படியேறித்தான் போவான். யாராவது மணி அடித்தால் அலமாரிக்குள் புகுந்துகொள்வான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

பெட்டியில் ஆறு தட்டுகள். சாப்பாட்டுப் பைக்குள், டிஃபனுக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தோம். முழுக்க இங்கிலீஷ். ஹிந்தி இருக்குமா என்று ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தினேன். திடீரென்று கிழவியின் வாய் அசைகிறது, சத்தம் அவளுடையதாக இல்லை. யாரோ நாலு பேர் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவர் இருமுகிறார். நான் கீறியதால் தட்டு கெட்டுப்போய் வேறெதையோ பேசுகிறது என்றுதான் நினைத்தேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அரே அப்பா, டரோ மத், பயப்படாதீங்க! இதைச் செஞ்சவங்கதான் பேசுறாங்க. அவங்க எடுத்த படத்தை அவங்களே உக்காந்து பாத்துக்கிட்டு கப்பா அடிக்கிறாங்க, வெறும் அரட்டை."

"படம் ஓடும்போதேவா?"

"அதான் மஜா. கேளுங்க, இந்த சீன்ல அவன் சட்டைக்குத் தப்பா கலர் போட்டுட்டாங்களாம். யாருமே கண்டுபிடிக்கலையாம்."

அதற்கு நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. செய்த தப்பை ஊரறியச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்க முடிகிறது?

அதன்பிறகு ஞாயிறுதோறும் கதையை விட்டுவிட்டுப் பேச்சைத்தான் கேட்டோம். மகள் அவ்வப்போது அர்த்தம் சொல்லுவாள். காலேஜ் சேர்ந்தபிறகு என்னோடு அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. நீளக் கழுத்துக்காரனுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண்ணாம், நாலு பேரில் ரொம்பச் சத்தமாகச் சிரிப்பவள். நாலாவது ஆள் பேசவே மாட்டார். மூச்சு விடுவது கேட்கும், எப்போதாவது "ம்" என்பார். அவர்தான் அவனை வரைந்தவர் என்று மகள் சொன்னாள். அந்த "ம்"முக்காக நான் காத்திருப்பேன். நான் கீறிய இடம் வந்தால் மட்டும் பேச்சு தாவிவிடும்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, மாட்டுங்கா கடைக்காரப் பெரியவர் கோடவுனுக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டே முதலாளியிடம் கேட்டார்: "ஒரு கார்ட்டூன் செட்டு, லிஃப்ட் படம் போட்டிருக்கும். எனக்குன்னு தனியா எடுத்து வெச்சது, தப்பா மூட்டையில போயிடுத்து. என் ஆத்துக்காரிக்கு இப்போ கண்ணு தெரியறதில்லை. அதுல படம் எடுத்தவாளே படத்தைப் பத்திப் பேசிண்டு வருவா பாருங்கோ, அதைத்தான் இவ கேட்டுண்டிருப்பா. கதை போன்ல கெடைக்கறது. இந்தப் பேச்சு கெடைக்கல."

"எல்லாம் அரவைக்குப் போயிருக்கும் சாமி," என்றார் முதலாளி. எங்கள் பக்கம் திரும்பினார். "யாராவது பாத்தியளா?"

என் கையில் ஆணி இருந்தது. பாதி கீறிய தட்டைக் கீறி முடித்தேன்.

அக்காதான் சொன்னாள்: "அப்படி ஒரு பெட்டி வந்துச்சே அண்ணாச்சி. நாந்தானே பிரிச்சேன். பொறவு எங்க போச்சுன்னு தெரியல."

பாவம், உண்மையைச் சொன்னாள். முன்பொரு தடவை ஒரு மூடி போட்ட டப்பாவை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிடிபட்டிருக்கிறாள். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி வந்தது தெரியும், போனது தெரியாதோ? அன்னைக்கு டப்பா, இன்னைக்கு தட்டா? அது கிடைக்கிற வரைக்கும் நீ இங்க வராத."

"என் பிள்ளை சத்தியமா நான் எடுக்கல அண்ணாச்சி."

"போ, போ."

அவள் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்தாள். என்மேல் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, ஆறுதலுக்குத்தான் பார்த்தாள். நான் குனிந்துகொண்டு கீறினேன்.

வியாழக்கிழமை பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமையும் அதேதான். யாரும் பார்க்காதபோது மூட்டைக்குள் சொருகிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் தட்டில் என் கீறல் இருந்தது. நான் பெருக்கல் குறி போடுவேன், அக்கா ஒற்றைக் கோடு போடுவாள், முதலாளிக்கு இரண்டும் தெரியும். வேலை போனால் மகளுடைய காலேஜ் என்ன ஆகும்? திருடன் என்று சந்து முழுக்கப் பேசினால் அவளை யார் கட்டுவார்கள்?  டிவி பக்கம் போகவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை முதலாளி ஊதுபத்தி கொளுத்தும் நேரத்தில் அவர் மேஜைமேல் பெட்டியை வைத்தேன்.  "நான்தான்" என்றேன். "அக்கா இல்ல."

அவர் முதல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். என் பெருக்கல் குறியைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"இருவது வருசம்ல," என்றார் கடைசியில். "இருவது வருசத்துல என்னென்ன எடுத்தியோ, எனக்கென்ன தெரியும்?"

இது மட்டும்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. பெரியவர் வந்து பெட்டியை வாங்கிப்போனார். கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அஞ்சு நன்னா இருக்கே," என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் வாசலில் எல்லோர் முன்னாலும் என் பையைத் திறந்து காட்ட வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே திறந்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் அவள் பாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் ஆணி இருப்பதால் எனக்குப் பயமாகவே இருந்தது.

சாப்பிட்டு எழுந்து வந்ததும் கேட்டாள்: "புதங்கெழமையே வாயத் தொறந்தா என்ன கேடு ஒமக்கு? மூணு நாள் கூலிய யாரு தருவா, ஒம்ம லிஃப்ட்டுக்காரனா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்படி என்னதான்யா இருக்கு அந்தப் படத்துல? நான் திருடிப்பட்டம் வாங்குற அளவுக்கு? சொல்லும், கேக்கேன்."

 ஒரு கட்டடம், அதில் ஒருத்தன், மணி அடித்தால் ஒளிந்துகொள்வான் என்று ஆரம்பித்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"சத்தமா சொல்லும்," என்றாள் அக்கா. "மிஷின் ஓடுதுல்லா."