அளக்கப் போனேன், அலறி வந்தேன்

உத்திரமேரூர் வட்டாரப் பெருமக்களுக்கு அறிவிப்பு: பெரியப்பா மகனின் புதுக் கார் எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது என்று துல்லியமாக அளக்க, இன்று நானே நியமிக்கப்பட்டேன்.

போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, "நீ மிதிண்ணா, என் விரல் தப்பாது" என்றேன்.

சாலவாக்கம் ரோட்டில் மிதித்தான். முன்னால் மஞ்சளாகத் தெரிந்தது காயப்போட்ட நெல் என்பது கிட்டே போனதும்தான் தெரிந்தது. பிரேக் போட்டான். கார் நெல்மேல் வழுக்கி, ஏரிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. நான் அலறிவிட்டேன்.

நெல் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து கத்தினார்: "கண்ணு இன்னா பொடனியிலயா கீது? ஏரில வுயுந்திருந்தா இன்னாடா பண்ணுவீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நூறு தொட்டுட்டேன்டா. எவ்ளோ வந்துச்சு?"

ஸ்டாப்வாட்சை நான் அமுக்கவே இல்லை. இரண்டு கையும் சீட்டைக் கட்டிப்பிடித்திருந்தன.

உண்மையைச் சொன்னால் மறுபடியும் ஓட்டுவான். அவன் நம்புகிற மாதிரி ஒரு எண் சொல்லுங்கள், சீக்கிரம்.