ஆத்தா நடந்த பத்து அடி

என் ஆத்தா ராக்காயிக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் வரும். அந்தக் கை ஊரார் முன்னால் என் கன்னத்தில் விழுந்த கதையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

1960இல் ஆத்தாவுக்குச் சயரோகம் கண்டது. எங்கள் ஊர் அன்னவாசலில் ஒருவருக்கும் சொல்லாமல், திருச்சியில் சித்தி வீட்டில் தங்கி நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டாள். இருமல் நின்றது. ஆனால் காதுக்குள் இருக்கும் நிதானத்தை ஊசி கெடுத்துவிட்டது. நடந்தால் தரை ஓடுகிறது என்றாள். தரையை விட்டுக் கண்ணை எடுத்தால், சுவரைப் பிடிக்காமல் நாலு அடிக்கு மேல் போக முடியவில்லை. அப்பா இல்லாத வீடு, களையெடுத்துத்தான் சோறு. வரப்பில் நடக்க முடியாதவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

இப்படித் தடுமாறுகிறவர்களை மறுபடி நடக்க வைக்க முடியுமா என்று திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷேக் பரீது ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆத்தாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். விடியலிலும் மாலையிலும் தலையை இடமும் வலமுமாக நூறு தடவை ஆட்ட வேண்டும். கிறுகிறுக்கும், வாந்தி வரும், நிறுத்தக் கூடாது. அது பழகப் பழகத்தான் உடம்பு வேறு வழியில் நிற்கக் கற்றுக்கொள்ளும் என்றார். ஊர் திரும்பிய பிறகு மாதம் ஒருமுறை அவரிடம் பஸ்ஸில் போவோம். கோடு கிழித்து, தரையைப் பார்க்காமல் எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணி நோட்டில் எழுதுவார். நாலு ஆறானது. இடையில் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று எச்சரித்தும் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு நார்த்தாமலையில் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் தாய் பிச்சையம்மாள் ஒருநாள் விடியலில் சொல்லாமல் வந்து நின்றாள். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஆத்தா தலைமுடி அவிழ, கண் செருக, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தவள் என்ன நினைப்பாள்? பேயை ஓட்டினால்தான் பரிசம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வைத்தியம் என்று சொன்னால் என்ன நோய் என்பார்கள். சயரோகக்காரி மகளை எவன் கட்டுவான்? வாயைத் திறக்கக் கூடாது என்று ஆத்தா என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் செய்து கொடுத்தேன். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் ஊரே கூடியது. பேயோட்டும் கோடாங்கி ஆண்டியப்பன் உடுக்கை அடித்து, கண்ணை மூடிக்கொண்டு மரத்தைச் சுற்றச் சொன்னார். கண்ணை மூடினால் ஆத்தாவுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. இரண்டாவது அடியிலேயே விழுந்தாள். விழுந்ததே பேய்க்குச் சாட்சியாகிவிட்டது. வேப்பங்குழையால் அடித்தார்கள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள், நெற்றியில் ரத்தம் வந்தது. அப்போதும் நான் பேசவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

கோடாங்கி ஆத்தாவின் உச்சிமுடியை மரத்தோடு வைத்து அறைய ஆணியைக் கையில் எடுத்தார்.

"முடிய அறுத்துட்டா பேய் இந்த மரத்துலயே தங்கிரும். ஆனா இனிமே தலை ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா திரும்ப ஏறிரும்."

தலை ஆடாமல் தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகப் பிச்சையம்மாள் சொன்னாள். ஆத்தா சரி என்றாள். எனக்காக, சாகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பேயெல்லாம் இல்லைங்க. எங்காத்தாவுக்குச் சயரோகம் இருந்துச்சு. ஊசி போட்டு அது போயிருச்சு. கால் தடுமாறாம நடக்கத்தான் டாக்டர் தலைய ஆட்டச் சொல்லியிருக்காரு."

உடுக்கை நின்றது. என் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

ஆத்தா எழுந்தாள். பிடிக்கச் சுவர் இல்லை, ஊன்றக் கம்பு இல்லை. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நேராக வந்தாள். வந்து ஓங்கி அறைந்தாள். பிறகு என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை எடுத்துப் பிரித்து, அன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டார்.

"பத்துங்க" என்றேன். "அடிக்கத்தான் வாராங்கன்னு தெரிஞ்சுச்சு. இருந்தாலும் எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்."